லேப்டாப்புக்கு வெளியே ஓர் ஓவியர்!

என்ன குட்டீஸ்... லேப்டாப்பில் கார் ரேஸ் விளையாடும்போது, கார் ஓடாமல் தத்தித் தத்தி நகர்கிறதா? 'வெளியில் மாட்டும் கிராபிக்ஸ் கார்டு வாங்கு, பறக்கும்' என்று நண்பன் சொல்கிறானா? அப்பாவிடம் அடம் பிடிக்கும் முன், கொஞ்சம் பொறுங்கள். அந்தக் கார்டுக்குக் கொடுக்கும் பணம் பயன்படுமா, வீணாகுமா என்று நாமே கண்டுபிடித்து விடலாம்!

வேகமான ஓவியர்

பல லேப்டாப் திரைகளில் அகலத்தில் 1,920, உயரத்தில் 1,080 புள்ளிகள் இருக்கும். மொத்தம், 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள். கேம் தடங்கல் இல்லாமல் ஓட, நொடிக்கு 60 படங்கள் வரைய வேண்டும். அதாவது, ஒரே நொடியில் 12 கோடிக்கும் அதிகமான புள்ளிகள்! அம்மாடியோவ்!

இந்த ஓவியர் தான், கிராபிக்ஸ் சிப். மெல்லிய லேப்டாப்களில் பெரும்பாலும் இவர் பிராசஸருக்குள்ளேயே ஒரு சின்ன மூலையில் இருப்பார். மேஜைக் கம்ப்யூட்டரின் கிராபிக்ஸ் கார்டோ பெரியது. தனி நினைவகம், தனி மின்விசிறி எல்லாம் உண்டு. அது லேப்டாப்புக்குள் நுழையாது. எனவே, தனிப் பெட்டியில் வைத்து, அதற்கென்று மின்சாரம் கொடுத்து, கேபிளால் லேப்டாப்போடு இணைக்கிறார்கள்.

குறுகிய பாதை

இங்கே தான் சிக்கல். மேஜைக் கம்ப்யூட்டரில், கார்டுக்குத் தகவல் போய் வர, 16 தடங்கள் கொண்ட அகலமான சாலை இருக்கும். 2015ல் வந்த 'தண்டர்போல்ட் 3' கேபிளில், 4 தடங்கள் மட்டுமே. அதனால், அதே கார்டு லேப்டாப்பில் கொஞ்சம் வேகம் குறைவாகவே வேலை செய்யும். வரைந்த படம், அதே கேபிள் வழியாக லேப்டாப் திரைக்குத் திரும்பி வந்தால், நெரிசல் இன்னும் அதிகம். தனி மானிட்டரை நேராகக் கார்டில் மாட்டினால், நெரிசல் குறையும்.

வாங்கும் முன் 4 கேள்விகள்

1. உங்கள் லேப்டாப்பில் தண்டர்போல்ட் அல்லது யு.எஸ்.பி.4 இணைப்பு உண்டா? பார்க்க ஒரே மாதிரி இருக்கும் எல்லாத் துளைகளும், ஒரே வேலையைச் செய்யாது. லேப்டாப்புடன் வந்த கையேட்டைப் பாருங்கள்.

2. பிராசஸர் வேகமானதா? அது மெதுவாக இருந்தால், ஓவியர் வேலையில்லாமல் காத்திருப்பார்.

3. உங்கள் லேப்டாப் இதை ஏற்குமா? ஆப்பிள் நிறுவனம், 2018ல் தன் மேக் கம்ப்யூட்டர்களில் இந்த வசதியைக் கொடுத்தது. 2020ல் சொந்த சிப்புடன் வந்த மேக்குகளில், அதை எடுத்துவிட்டது.

4. மொத்தச் செலவு எவ்வளவு? பெட்டி, கார்டு, மானிட்டர் எல்லாவற்றையும் கூட்டுங்கள். அந்தப் பணத்தில் ஒரு மேஜைக் கம்ப்யூட்டரே கிடைக்கும் என்றால், அதுவே லாபம்!

யாருக்குப் பயன்படும்?

பகலில் லேப்டாப்பைக் கல்லூரிக்கோ, அலுவலகத்துக்கோ தூக்கிச் சென்று, மாலையில் வீட்டு மேஜையில் அனிமேஷன், வீடியோ வேலை செய்யும் அண்ணன், அக்காக்களுக்குப் பயன்படும். ரயிலில் மடியில் வைத்து விளையாட நினைப்பவருக்கு, இந்தப் பெட்டி சுமை தான்.

காசில்லா வைத்தியம்

கேமின் அமைப்பில், படத்தின் அளவை 1,280க்கு 720 என்று குறைத்துப் பாருங்கள். புள்ளிகள், 9 லட்சத்து 21 ஆயிரத்து 600 ஆகிவிடும். பாதிக்கும் குறைவு! ஓவியருக்கு வேலை குறையும். கார் வேகம் பிடிக்கும். சார்ஜரை மாட்டி விளையாடுங்கள். பேட்டரியில் ஓடும்போது, பல லேப்டாப்கள் வேகத்தைக் குறைத்துக் கொள்ளும்.

இதற்குப் பிறகும் கார்டு வேண்டும் என்று தோன்றினால், 4 கேள்விகளுக்கும் பதிலை ஒரு தாளில் எழுதி, அப்பா, அம்மாவிடம் காட்டுங்கள். பதில்கள் சரியாக இருந்தால், அவர்களும் யோசிப்பார்கள். இல்லையென்றால், எழுதி முடிக்கும்போதே உங்களுக்கே விடை தெரிந்துவிடும். சரிதானே குட்டீஸ்?