தீபாவளிக் கைப்பண்டம்: உள்ளே போவது என்ன?



தீபாவளி நெருங்கிவிட்டால் லயத்தில் எந்த வீட்டைத் தாண்டினாலும் எண்ணெய்ச் சட்டி வாசம் மூக்கைத் துளைக்கும். முறுக்கு, அதிரசம், நெய் உருண்டை எல்லாம் தட்டில் அடுக்கி, மேலே துணி போட்டு மூடி, பிள்ளைகள் கையில் கொடுத்து வீடு வீடாக அனுப்புவோம். பக்கத்திலுள்ள மலாய்க்காரர் வீட்டுக்கும், சாமான் வாங்கும் சீனர் கடைக்கும் ஒரு பங்கு போகும். தோட்டத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடிபோனவர்களும் இந்தப் பழக்கத்தை விட்டுவிடவில்லை. நல்ல பழக்கம்தான்.

கடையில் வாங்கிய அலங்கார டின்னைவிட இந்தத் தட்டுக்கு ஏன் மதிப்பு அதிகம்? செலவு குறைவு என்பது மட்டும் காரணமல்ல. "உள்ளே என்ன போட்டேன்னு எனக்குத் தெரியும்" என்று செய்தவர் நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியும். கைப்பண்டத்தின் பலமே அதுதான். ஆனால் அந்தச் சொல் உண்மையாக இருக்கவேண்டும். அதற்கு மூன்று கேள்விகளை நமக்கு நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். எதில் வைத்துக் கொடுக்கிறோம்? எதைப் போட்டுச் செய்தோம்? யாருக்குக் கொடுக்கிறோம்?

1. எதில் வைத்துக் கொடுக்கிறோம்?

காலியான பிஸ்கட் டின், மைலோ டின், மூடி இறுக்கமாக உள்ள கண்ணாடிப் போத்தல் இவை போதும். சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் ஒரு நாள் காயவைத்து, ஈரம் துளியும் இல்லாமல் துடைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கரண்டி கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்து அடுப்பில் கிண்டினால் பசை தயார். பழைய சேலைக் கரையையோ, தைத்து மிஞ்சிய பாத்தேக் துணியையோ டின்னின் வெளிப்புறத்தில் ஒட்டுங்கள். மூடியில் பிள்ளைகள் வண்ணக் காகிதத்தில் ஒரு கோலம் வெட்டி ஒட்டட்டும். உட்புறத்தில் சாயமும் பசையும் படக்கூடாது. அடியில் சுத்தமான வெள்ளைக் காகிதம் விரித்துப் பலகாரத்தை அடுக்குங்கள். அச்சடித்த செய்தித்தாள் வேண்டாம். எண்ணெய் பட்டால் அதன் மை பலகாரத்தில் ஒட்டிக்கொள்ளும்.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. மருந்து டின், மருந்து கேன், உரச் சாக்கு இவற்றை எந்தக் காரணத்துக்காகவும் வீட்டுக்குக் கொண்டுவரக்கூடாது. "பத்துத் தடவை கழுவிட்டேன், வாசமே இல்லை" என்று சிலர் சொல்வார்கள். பிளாஸ்டிக் கேன் மருந்தை உள்ளே உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கழுவினாலும் அது முழுதாகப் போகாது. எண்ணெய் ஊற்றினால் எண்ணெயில் இறங்கும். தண்ணீர் வைத்தால் தண்ணீரில் இறங்கும்.

நம் தோட்டங்களில் பல்லாண்டு காலம் அடித்த பாராகுவாட் என்னும் புல் மருந்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு வாய் விழுங்கினாலே உயிரைப் பறிக்கக்கூடியது. அதை முறிக்க மாற்று மருந்து கிடையாது. 2002ஆம் ஆண்டு அதைப் படிப்படியாக நிறுத்துவதென்று அரசாங்கம் முடிவெடுத்தது. 2006இல் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. கடைசியில் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து மலேசியாவில் முற்றாகத் தடை செய்யப்பட்டது. பாராகுவாட் போய்விட்டது என்பதற்காக மற்ற மருந்துகளின் கேன்கள் பாத்திரமாகிவிடாது. காலியானதை மூன்று முறை அலசி, ஓட்டை போட்டு, தோட்ட நிர்வாகத்திடமே ஒப்படைக்க வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மிச்ச மருந்தை ஆரஞ்சுத் தண்ணீர்ப் போத்தலில் ஊற்றி வீட்டில் வைப்பது கொலைக்குச் சமம். பண்டிகை நாளில் தாகத்தோடு ஓடிவரும் பிள்ளைக்குப் போத்தல்தான் தெரியும். உள்ளே இருப்பது தெரியாது. யாராவது தவறி மருந்தைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்க முயலாதீர்கள். 999க்கு அழையுங்கள், அல்லது உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். மருந்தின் பெயர் ஒட்டியுள்ள கேனையோ, அந்தச் சீட்டையோ கூடவே எடுத்துச் செல்லுங்கள். டாக்டருக்கு அது பெரிய உதவி.

2. எதைப் போட்டுச் செய்தோம்?

முறுக்குக்குப் பழைய கணக்கே போதும். அரிசி மாவு 4 கப், வறுத்து அரைத்த உளுத்த மாவு 1 கப், ஓமம் 2 தேக்கரண்டி, வெண்ணெய் 2 மேசைக்கரண்டி, உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி. தண்ணீர் தெளித்துப் பிசைந்து, பிழிந்து, நடுத்தரச் சூட்டில் சலசலப்பு அடங்கும் வரை பொரியுங்கள். உளுந்தும் ஓமமும் இருக்கும்போது உப்பை அள்ளிப் போடத் தேவையில்லை. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எல்லா உணவிலும் சேர்த்து 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், உப்பு இருக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நன்றாக ஆறிய பிறகே டின்னில் போட்டு மூடுங்கள். சூட்டோடு மூடினால் ஆவி பிடித்து நமத்துப்போகும்.

எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. நம் உழைப்பில் விளைந்த செம்பனை எண்ணெய் பொரிப்பதற்குத் தாங்கும் எண்ணெய்தான். ஆனால் புகை கிளம்பும் அளவுக்குக் காயவிடாதீர்கள். ஒரு முறை பொரித்ததை வடிகட்டி இன்னும் ஓரிரு முறை பயன்படுத்தலாம். கறுத்துவிட்டால், நுரைத்தால், சிக்கு வாடை அடித்தால், கொழகொழவென்று ஒட்டினால் அதன் ஆயுள் முடிந்தது. அதோடு புது எண்ணெயைக் கலந்து 'சரிக்கட்டுவது' புது எண்ணெயையும் கெடுப்பதாகும். வாரக்கணக்கில் கறுத்த எண்ணெயில் சுட்ட பலகாரத்தை அன்பளிப்பு என்று கொடுக்கலாமா?

நெய் உருண்டைக்கு, வறுத்து அரைத்த பாசிப்பருப்பு மாவு 2 கப், உருக்கிய நெய் அரைக் கப், ஏலக்காய் கொஞ்சம். சர்க்கரையை ஒன்றரைக் கப், இரண்டு கப் என்று போடுகிற வீடுகள் உண்டு. முக்கால் கப் போட்டுப் பாருங்கள். பருப்பை நிதானமாக, சிவக்க வறுத்தால் அந்த வாசமே இனிப்பை எடுத்துக்கொடுக்கும். உருண்டையைச் சிறிதாகப் பிடியுங்கள்.

நிறம் வேண்டுமா? மஞ்சளுக்கு மஞ்சள் தூள், பச்சைக்குப் பாண்டான் இலைச் சாறு, நீலத்துக்குச் சங்குப்பூ ஊறவைத்த தண்ணீர். சங்குப்பூவை மலாய்க்காரர்கள் சோற்றுக்கே போடுகிறார்கள். வாசலில் போடும் கோலப் பொடியும், துணிக்குப் போடும் சாயமும் சமையலறைக்குள்ளேயே வரக்கூடாது. பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால் அவசரத்தில் கைமாறிவிடும்.

3. யாருக்குக் கொடுக்கிறோம்?

எல்லா வீட்டுக்கும் ஒரே தட்டு என்று நினைக்காதீர்கள். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தவர்களில் 18 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31 விழுக்காடு. அதாவது மூன்று பேரில் ஏறக்குறைய ஒருவர்! அந்தப் பெரியவருக்கு அதிரசத்தை நீட்டி, "பண்டிகை நாள்தானே, ஒண்ணும் ஆகாது, சாப்பிடுங்க மாமா" என்று வற்புறுத்துவது அன்பாகாது. "இது வெல்லம்தான், சீனி இல்லை" என்பதும் சரியல்ல. வெல்லமும் கூலா மலாக்காவும் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றவே செய்யும்.

அவருக்கென்று தனியாக ஒன்று செய்யுங்கள். கொண்டைக்கடலையை இரவு ஊறவைத்து, காலையில் வேகவைத்து, கடுகு, கறிவேப்பிலை, வெங்காயம் தாளித்து, தேங்காய்ப்பூ ஒரு பிடி தூவிச் சுண்டலாக்கி வாழை இலையில் பொட்டலம் கட்டுங்கள். தேங்காய் போட்ட சுண்டலை அன்றைக்கே சாப்பிட்டுவிட வேண்டும். கூடவே இரண்டு கொய்யாப் பழம். "எனக்காகச் செஞ்சியாம்மா?" என்று அவர் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள்.

பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போகும்போது டின்பால் வாங்கிக்கொண்டு போகிற பழக்கம் பழையது. 1939ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற அம்மையார், இனிப்பூட்டிய டின்பாலைத் தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கொடுப்பதால் குழந்தைகள் சாகின்றன என்று பகிரங்கமாகப் பேசினார். அந்தப் பேச்சுக்கு 'பாலும் கொலையும்' என்று தலைப்பிட்டார். அன்று அவர் சொன்னது இன்றும் பொருந்தும். டின்பாலில் ஏறக்குறைய பாதி சீனிதான். அது கைக்குழந்தைக்கு உணவல்ல. ஒரு வயதுக்குள் தேனும் தொட்டு வைக்கக்கூடாது. கைக்குழந்தையின் குடலில் நஞ்சாகும் கிருமி அதில் இருக்கலாம். அதற்குப் பதிலாகத் தாய்க்குச் சமைத்துக் கொடுங்கள். உப்புப் போக ஊறவைத்துக் கழுவிய நெத்திலியும் முருங்கைக்கீரையும் போட்டு ஒரு சொதி, மேலே எலுமிச்சைச் சாறு. கீரையின் இரும்புச்சத்து உடம்பில் சேர எலுமிச்சை துணை செய்யும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் அந்தச் சத்து வீணாகும். ஒரு மணி நேரமாவது கழியட்டும்.

பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான்

தென்னோலையில் கடிகாரம், காற்றாடி, பந்து பின்னத் தெரிந்த தாத்தா பாட்டி இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைத் திண்ணையில் உட்காரவைத்துப் பேரப்பிள்ளைகளுக்குக் கற்றுத்தரச் சொல்லுங்கள். ஓலையிலிருந்து ஈர்க்கை உருவிவிட்டுக் கொடுக்கவேண்டும். இல்லாவிட்டால் கண்ணில் குத்தும். பழைய சாரத்தில் துணிப்பொம்மை தைத்து, உள்ளே துணித்துண்டுகளைத் திணிக்கலாம். கண்ணுக்குப் பொத்தான் வைக்காமல் நூலால் தையுங்கள். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை பொத்தானைப் பிய்த்து வாயில் போடும், தொண்டையில் அடைக்கும். நிலக்கடலையும் கெட்டி முறுக்கும் அந்த வயதுக்கு அதேபோல ஆபத்துதான்.

மாலை கோக்கும் விதைகளில் மிகுந்த கவனம் வேண்டும். முழுதும் சிவப்பாக இருக்கும் பெரிய சாகா விதை, அதாவது மஞ்சாடி, மரத்தில் காய்ப்பது. குன்றிமணி கொடியில் காய்ப்பது. சிறியது, சிவப்பில் ஒரு கறுப்புப் பொட்டு இருக்கும். இந்தப் பொட்டு வைத்த விதை கொடிய நஞ்சு. ஒன்றிரண்டைக் கடித்து மென்றாலே சிறு பிள்ளையின் உயிருக்கு ஆபத்து. கோப்பதற்காகத் துளை போட்டால் ஓடு உடைந்து நஞ்சு வெளிப்பட வழியாகிவிடும். ஆகவே குன்றிமணியில் எதுவும் செய்யாதீர்கள். ரப்பர்க் கொட்டை பார்வைக்கு அழகுதான். ஆனால் அதன் பச்சைப் பருப்பிலும் நஞ்சு உண்டு. ஓடு உடையாத கொட்டையைப் பெரிய பிள்ளைகள் விளையாட வைத்துக்கொள்ளலாம். தவழும் குழந்தை இருக்கும் வீட்டுக்கு அது வேண்டாம். சின்னவர்களுக்குச் சாகா விதையும் வேண்டாம். மணியளவு எதுவும் தொண்டையில் சிக்கும்.

எண்ணெய்ச் சட்டிப் பக்கம்

பலகாரம் சுடும் நாளில் பிள்ளைகளுக்கு மாவு பிசைய, உருண்டை பிடிக்க, டின்னுக்கு ஒட்ட வேலை கொடுங்கள். அடுப்பிலிருந்து ஒரு கை நீளத்துக்கு அப்பால் கோடு போட்டு, அதைத் தாண்டக்கூடாது என்று சொல்லிவையுங்கள். சட்டியின் கைப்பிடி சுவர்ப் பக்கம் இருக்கட்டும். எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். கேஸை அடைத்துவிட்டு, மூடியால் சட்டியை மூடுங்கள்.

சுட்டுக்கொண்டால் கிச்சாப் ஊற்றுவது, பற்பசை தடவுவது, மாவு தூவுவது எல்லாம் புண்ணைக் கெடுக்கும். உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள். முகம், கை, மூட்டு இவற்றில் பட்டாலும், உள்ளங்கை அளவுக்கு மேல் வெந்தாலும், சுத்தமான துணியால் லேசாக மூடி ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

ஆண் தோழர்களுக்கும் ஒரு சொல். விடியற்காலையில் எழுந்து பெரட்டுக்கும் போய், வேலையும் முடித்து, இரவெல்லாம் அடுப்படியில் நிற்பது பெண்கள்தானா? முறுக்குப் பிழிய வலுவான கை வேண்டும். அது உங்களிடம் இருக்கிறது. தூக்கக் கலக்கத்தில் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்பது ஆபத்து. வேலையைப் பங்கிட்டு, இரண்டு மாலைகளில் முடித்துக்கொள்ளுங்கள்.

தட்டை அனுப்புவதற்கு முன் ஒரு கணம் நின்று, எதில், எதை, யாருக்கு என்ற மூன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். பதில் தெளிவாக இருந்தால் துணியைப் போட்டு மூடி, பிள்ளை கையில் கொடுத்தனுப்புங்கள்.