பாதி மார்க் பள்ளியிலேயே முடிந்துவிடுகிறது

சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பு ரிசல்ட் வரும் நாளில் பல வீடுகளில் இந்தக் குழப்பம் எழும். ஒரு பேச்சுக்கு, மகளுக்குக் கணிதத்தில் 74 மார்க், தரம் பி1 என்று வைத்துக்கொள்வோம். ஆறாவது பாடமாக எடுத்த ஐடியில் 84 மார்க், ஆனால் தரம் பி2. பத்து மார்க் கூடுதலாக வாங்கிய பாடத்தில் தரம் ஒரு படி கீழே நிற்கிறது. கம்ப்யூட்டர் தப்பாகப் போட்டுவிட்டது என்று அப்பா பள்ளிக்குக் கிளம்பத் தயாராகிவிடுவார். போக வேண்டாம். தப்பு எதுவும் நடக்கவில்லை. ஐடி பாடத்தில் பள்ளிக்குப் போய்க் கேட்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டுதான். அதற்கான காலம் ரிசல்ட்டுக்குச் சில மாதங்களுக்கு முன்பே முடிந்துபோயிருக்கும்.

பாடக் குறியீடு 402, இன்ஃபர்மேஷன் டெக்னாலஜி. திறன் பாடங்கள் என்று சிபிஎஸ்இ வகைப்படுத்தும் தொகுதியில் இது ஒன்று. செயற்கை நுண்ணறிவுப் பாடமும் (417) அதே தொகுதிதான். மொத்தம் 100 மதிப்பெண்ணில் எழுத்துத் தேர்வுக்கு 50, செய்முறைக்கு 50. எழுத்துத் தேர்வு இரண்டு மணி நேரம். அந்த 50-லும் 10 மார்க், தகவல் தொடர்பு, சுய மேலாண்மை, தொழில்முனைவு போன்ற பொதுவான வேலைத்திறன் பகுதிக்குப் போய்விடும். மீதி 40 மார்க்தான் ஆவணம் தயாரிப்பது, விரிதாள், தரவுத்தளம் என்று கணினி சார்ந்தது. கணிதம், அறிவியல் போன்ற பாடங்களில் பள்ளி தரும் அகமதிப்பீடு 20 மார்க்தான். இங்கே அது 50. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும்.

முதலில் தரம். ஏ1 என்றால் 91 முதல் 100 வரை என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். பள்ளிக்குள் நடக்கும் தேர்வுகளுக்கு அது பொருந்தலாம், போர்டு தேர்வுக்குப் பொருந்தாது. ஒரு பாடத்தில் தேர்ச்சி பெற்ற எல்லோரையும் மதிப்பெண் வரிசையில் நிறுத்தி, எட்டுச் சம பங்காகப் பிரிக்கிறார்கள். முதல் பங்குக்கு ஏ1, அடுத்த பங்குக்கு ஏ2, பிறகு பி1, பி2, சி1, சி2, டி1, கடைசிப் பங்குக்கு டி2. தேறாதவர்களுக்கு இ. ஒரே மார்க் வாங்கியவர்கள் எல்லோருக்கும் ஒரே தரம்தான் என்பதால் பங்குகளின் அளவு கொஞ்சம் முன்பின் ஆகும். தேறியவர்கள் 500 பேருக்குக் குறைவாக உள்ள பாடங்களுக்கு, அதையொத்த வேறு பாடத்தின் தரப்பகிர்வைப் பின்பற்றுவார்கள்.

ஆக, தரம் சொல்வது ஓர் இடத்தை மட்டும்தான். ஐடியில் செய்முறை மார்க்கைப் பல பள்ளிகள் தாராளமாகப் போடுவதால் மேலே கூட்டம் நெரிகிறது. 84 வாங்கியும் பலருக்குப் பின்னால் நிற்க நேர்கிறது. கணிதத்தில் மேலே அவ்வளவு கூட்டம் இல்லை, 74-க்கே முன்வரிசை கிடைத்துவிடுகிறது. இதை எதிர்த்து மனுப் போட வழியில்லை, போடவும் தேவையில்லை. பி2 வாங்கிய பெண்ணுக்குக் கணினி தெரியாது என்று பொருளும் இல்லை. ஏ1 வாங்கிய பையனுக்கு ஒரு தரவுத்தளத்தில் இரண்டு அட்டவணைகளை இணைக்கத் தெரியும் என்று உத்தரவாதமும் இல்லை.

மொத்த சதவீதம் பற்றியும் ஒரு வார்த்தை. சிபிஎஸ்இ எந்த மாணவருக்கும் மொத்த சதவீதமோ, வகுப்போ, டிஸ்டிங்ஷனோ கணக்கிட்டுத் தருவதில்லை. ஆறு பாடம் எழுதியவருக்கு எந்த ஐந்தை எடுத்துக்கொள்வது என்பதைச் சேர்க்கும் நிறுவனமே முடிவு செய்யலாம். அதனால் பள்ளி வாசலில் தொங்கும் பிளக்ஸ் பேனரில் உள்ள 98 சதவீதம், ஐடியைச் சேர்த்ததா சேர்க்காததா என்பது பேனர் அடித்தவருக்கே வெளிச்சம். உங்கள் பிள்ளை பதினோராம் வகுப்புக்கு வேறு பள்ளியில் சேரப் போகிறதென்றால், திறன் பாட மதிப்பெண்ணைக் கணக்கில் எடுப்பீர்களா என்று சேர்க்கைக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பி ரிசல்ட்டுக்குப் பிறகு வாதாடுவதில் பயனில்லை.

இந்தப் பாடத்தை ஆறாவதாக எடுக்கச் சொல்லிப் பள்ளிகள் வற்புறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. அறிவியல், கணிதம், சமூக அறிவியல் மூன்றில் ஏதாவது ஒன்றில் பிள்ளை தேறாமல் போனால், அந்த இடத்தில் தேறிய திறன் பாடத்தை வைத்து ரிசல்ட் கணக்கிடுவார்கள். பிள்ளை தேர்ச்சி பெற்றுவிடும். எத்தனையோ பிள்ளைகளுக்கு இது உண்மையான பாதுகாப்பு. ஆனால் இதன் இன்னொரு பக்கத்தைப் பள்ளிகள் அழுத்திச் சொல்வதில்லை. போன பாடம் போனதுதான். கணிதத்துக்குப் பதிலாக ஐடி உட்கார்ந்து தேறியவர், பதினொன்றில் கணிதம் உள்ள பிரிவு கேட்டால் பள்ளி மறுக்கும். அந்தக் கணிதத்தை மறுபடி எழுதித் தேற வாய்ப்பு உண்டு, எழுதுவதுதான் புத்திசாலித்தனம். “பாஸ்” என்ற ஒரு சொல்லைப் பார்த்ததும் மிட்டாய் வாங்கக் கிளம்பாமல், ஒவ்வொரு பாடத்தின் எதிரிலும் உள்ள தரத்தைப் படியுங்கள். ஃபெயில் என்ற சொல் இப்போது வராது. 2020-லிருந்து அதற்குப் பதில் “எசென்ஷியல் ரிப்பீட்” என்று போடுகிறார்கள். சொல் மென்மையானது என்பதற்காக விஷயம் மாறிவிடாது.

இனி அந்தச் செய்முறை 50-க்கு வருவோம். செய்முறைப் பயிற்சி, வாய்மொழித் தேர்வு, புராஜெக்ட், பிராக்டிகல் ஃபைல் என்று பிரித்து இந்த மார்க் போடப்படுகிறது. புராஜெக்ட் என்பது கடைக்காரரிடம் காசு கொடுத்து அச்சடித்து ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொண்டுவருவது இல்லை. நிஜ வாழ்க்கையிலிருந்து ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ள வேண்டும், உதாரணமாகப் பள்ளி நூலகத்தின் புத்தகக் கணக்கு. அதற்கு ஒரு தரவுத்தளம் அமைத்து, படிவம் வழியாக விவரங்களை உள்ளிட்டு, அறிக்கையாக வெளியே எடுத்து, நடந்ததை ஆவணமாக எழுதித் தர வேண்டும். லிப்ரே ஆபீஸ் போன்ற இலவச மென்பொருளே இதற்குப் போதும். பாடத்திட்டம் சொல்வது இது. லேபில் எட்டுக் கணினியும் நாற்பது பிள்ளைகளும் இருக்கும் பள்ளியில் என்ன நடக்கிறது என்பது பிள்ளைகளுக்குத்தான் தெரியும்.

இந்த மார்க்கில் கோளாறு உண்டு என்பது போர்டுக்கே தெரியும். எழுத்துத் தேர்வு மார்க்குக்கும் செய்முறை மார்க்குக்கும் பெரிய இடைவெளி இருப்பதாகச் சுமார் 500 பள்ளிகளைக் கண்டறிந்து, மதிப்பீட்டு முறையைச் சீர்செய்யும்படி 2024-ல் சிபிஎஸ்இ அறிவுறுத்தியது. அளவுக்கு மீறிக் கொடுப்பது ஒரு கோளாறு. எதையும் செய்யவிடாமல் உத்தேசமாகக் குறைத்துப் போடுவது இன்னொன்று. இரண்டாவதால் பாதிக்கப்படும் பிள்ளைக்குத்தான் நியாயம் கேட்க வேண்டியிருக்கிறது. அங்கேதான் சிக்கல். பள்ளி அந்த மார்க்கைப் போர்டின் இணையதளத்தில் ஏற்றிவிட்டால் பிறகு திருத்தக் கோரிக்கை ஏற்கப்படாது என்று போர்டு ஒவ்வோர் ஆண்டும் பள்ளிகளுக்கு எழுதுகிறது. ரிசல்ட்டுக்குப் பிந்தைய மறுமதிப்பீடு எழுத்துத் தேர்வுத் தாளுக்கு மட்டும்தான். செய்முறை 50-க்கு அந்த வழி கிடையாது.

அதனால் கேட்க வேண்டிய காலம் ஜனவரியும் பிப்ரவரியின் முதல் பாதியும். வாய்மொழித் தேர்வு நடந்ததா, பிள்ளை அன்று வந்திருந்தும் வராதவர் என்று குறிக்கப்பட்டுவிட்டதா, ஃபைலில் ஆசிரியரின் கையெழுத்தும் தேதியும் இருக்கின்றனவா என்பதையெல்லாம் அப்போதே பாருங்கள். ஏதாவது இடறினால் முதல்வருக்குக் கடிதம் எழுதி, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள். பள்ளி அசையவில்லையென்றால், தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குச் சென்னை அண்ணா நகரில் உள்ள மண்டல அலுவலகத்துக்கு எழுதலாம். மத்திய அரசின் பொதுக் குறைதீர் இணையதளத்திலும் பதியலாம். கையில் தேதியிட்ட கடிதம் இருப்பவருக்கும் வாய்ச்சொல்லோடு வருபவருக்கும் அலுவலகங்களில் கிடைக்கும் மரியாதை வேறு வேறு.

எழுத்துத் தேர்வின் 50-க்கு வழி இருக்கிறது. 2025-லிருந்து வரிசை மாறியிருக்கிறது. முதலில் விடைத்தாள் நகல், அதைப் பார்த்த பிறகு மதிப்பெண் சரிபார்ப்பு அல்லது மறுமதிப்பீடு, தேவையானால் இரண்டும். முன்பு கண்ணைக் கட்டிக்கொண்டு விண்ணப்பித்த நிலைமைக்கு இது எவ்வளவோ மேல். அந்த ஆண்டு பத்தாம் வகுப்புக்கு நகலுக்கு 500 ரூபாய், சரிபார்ப்புக்கு ஒரு விடைத்தாளுக்கு 500, மறுமதிப்பீட்டுக்கு ஒரு கேள்விக்கு 100 என்று கட்டணம் இருந்தது. உங்கள் ஆண்டின் கட்டணத்தையும் தேதியையும் போர்டின் சுற்றறிக்கையில் பார்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் ஆன்லைனில் மட்டுமே. தேதி தவறினால் யாராலும் உதவ முடியாது. நகல் வாங்காதவர் அடுத்த கட்டத்துக்குப் போகவும் முடியாது.

நகல் வந்ததும் உணர்ச்சிவசப்படாமல் முதலில் கூட்டலைப் பாருங்கள். உட்பிரிவுகளின் மார்க்கை வலது ஓரத்திலும், அவற்றின் கூட்டுத்தொகையை இடது ஓரத்தில் வட்டமிட்டும் எழுத வேண்டும் என்பது திருத்துபவர்களுக்குத் தரப்படும் அறிவுரை. வட்டம் இல்லாத விடை ஏதாவது உண்டா என்று ஒவ்வொரு பக்கமாகத் தேடுங்கள். அடுத்தது, இந்தத் தாளுக்கே உரிய ஒரு விஷயம். இதில் ஆறில் ஐந்து, ஐந்தில் மூன்று என்று தேர்ந்தெடுத்து எழுதும் கேள்விகள்தான் ஏராளம். பயத்தில் பிள்ளைகள் ஆறையும் எழுதிவிடுவார்கள். அப்படி எழுதினால் அதிக மார்க் பெறும் விடைகளை வைத்துக்கொண்டு, மிஞ்சியதைத்தான் “எக்ஸ்ட்ரா” என்று குறித்து அடிக்க வேண்டும். கடைசியாக எழுதிய சரியான விடையை அடித்துவிட்டு, அரை மார்க் வாங்கிய முன் விடையைக் கணக்கில் வைத்திருந்தால் அது தவறு. போர்டு வெளியிடும் விடைக்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள்.

விடுபட்ட விடையும் கூட்டல் பிழையும் சரிபார்ப்புக்குப் போக வேண்டியவை. விடை சரியாக இருந்தும் மார்க் குறைத்திருந்தால் மறுமதிப்பீடு. ஒரு மார்க் கேள்விக்காக மறுமதிப்பீட்டுக்குப் போவது என் பார்வையில் வீண்செலவு. நான்கு மார்க் கேள்வி ஒன்று கேட்பாரற்றுக் கிடந்தால் கட்டாயம் போங்கள். ஆனால் மார்க் குறைந்தாலும் அதுவே இறுதி. ஒரு மார்க் குறைந்தால்கூடப் பழையதைக் கேட்க முடியாது.

விடைத்தாளைப் பார்ப்பது போர்டு மனம் வைத்துத் தரும் சலுகை என்று நினைக்க வேண்டாம். 2011 ஆகஸ்டில், சிபிஎஸ்இ எதிர் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில், திருத்திய விடைத்தாளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பார்க்கவும் நகல் பெறவும் தேர்வு எழுதியவருக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்த வழியில் மனுவுக்குப் 10 ரூபாய், பக்கத்துக்கு 2 ரூபாய். குறைந்த செலவு. ஆனால் பதிலுக்கு 30 நாள் ஆகலாம், அதற்குள் மறுமதிப்பீட்டுத் தேதி போய்விடும். விடைத்தாளைப் பாதுகாத்து வைக்கும் காலம் வரைதான் இந்த உரிமையும் செல்லும். நகல் கிடைத்ததாலேயே மார்க்கைத் திருத்தச் சொல்லும் உரிமை வந்துவிடாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாமா என்று சிலர் கேட்பார்கள். தேர்வு எழுதுபவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று 2009-ல் பீகார் போர்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மிஞ்சுவது உயர் நீதிமன்ற ரிட் மனுதான். அது ஒரு பாடத்தின் இரண்டு மார்க்குக்கு ஏறும் படி அல்ல.

2026 முதல் பத்தாம் வகுப்புக்கு ஆண்டுக்கு இரண்டு போர்டு தேர்வுகள். முதல் தேர்வை எல்லோரும் எழுத வேண்டும். இரண்டாவதில் மார்க்கை உயர்த்திக்கொள்ள மூன்று பாடம் வரை எழுதலாம். ஆனால் அறிவியல், கணிதம், சமூக அறிவியல், மொழிகள் ஆகியவற்றிலிருந்துதான் அந்த மூன்று. ஐடி அந்தப் பட்டியலில் இல்லை. அகமதிப்பீடும் முதல் தேர்வுக்கு முன் ஒரே ஒரு முறைதான்.

ரிசல்ட் சமயத்தில் ஃபோன் அடித்து, “போர்டு ஆபீஸிலிருந்து பேசுகிறோம், ஐடியில் பத்து மார்க் ஏற்றித் தருகிறோம்” என்று பணம் கேட்பவர்கள் மோசடிக்காரர்கள். போர்டு யாரையும் இப்படி அழைப்பதில்லை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். ரிசல்ட்டை வாட்ஸ்அப்பில் வரும் இணைப்புகளில் தேட வேண்டாம். டிஜிலாக்கரில் மதிப்பெண் பட்டியல் நேராக வந்துவிடும். அதைத் திறக்கும் 6 இலக்கக் குறியீடு பள்ளியில் கிடைக்கும். அந்தக் குறியீட்டைக் கணினி சென்டர்காரரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வர வேண்டாம். டிஜிலாக்கர் ஆவணம் அசலுக்குச் சமம் என்பது மத்திய அரசின் விதி. காகிதப் பட்டியல் வரவில்லை என்று சேர்க்கையை மறுத்தால் அதைச் சுட்டிக்காட்டலாம்.

இப்போது உங்கள் வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால், ஐடி பிராக்டிகல் ஃபைலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தரவுத்தளப் பகுதியில் ஒன்றும் இல்லாமல் வெற்றுப் பக்கங்களாக இருந்தால், அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குக் காத்திருக்காமல் இந்த வாரமே பள்ளிக்குப் போய்ப் பேசுங்கள்.