கடைசியில் வந்தவரும் வீரரே!

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. ஊர் இன்னும் போர்வைக்குள் இருக்கிறது. பூந்தமல்லியிலிருந்து ஆவடி செல்லும் சாலையில் 'சர்'ரென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்ப்பதற்குள் பத்துப் பன்னிரண்டு சைக்கிள்கள் நம்மைக் கடந்து போய்விடுகின்றன!

முதுகுகள் வில்லாக வளைந்திருக்கின்றன. ஒருவர் பின் சக்கரத்துக்கும் அடுத்தவர் முன் சக்கரத்துக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி இருந்தால் அதிகம். பந்தயத்துக்காகப் பழகுகிறார்கள். இவர்கள் யார்? மறுநாள் காலையில் ஆபீசுக்கும் ஆலைக்கும் போகவேண்டியவர்கள்தாம்! ஜெயித்தால் ஒரு மெடல் கிடைக்கலாம். விழுந்தாலோ முழங்கை தேயும். காறை எலும்பு முறிந்தாலும் முறியும். பின்னே எதற்கு இந்த வம்பு?

காற்றோடு மல்யுத்தம்

சைக்கிள் பந்தயத்தில் முதல் எதிரி காற்றுதான். வேகம் கூடக் கூட அது மார்பில் கை வைத்துத் தள்ளுகிறது. முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக் கொடுத்தால், ஒட்டினாற்போல் வருகிறவருக்குக் கால் பங்கு உழைப்பாவது மிச்சம். ஆகவே முறை வைத்து ஒவ்வொருவரும் முன்னால் வருவார்கள். போட்டியாளனே போட்டியாளனுக்குக் காற்றை மறைக்கும் அதிசயத்தைப் பார்த்தீர்களா?

அபாயமும் அந்த நெருக்கத்தில்தான் இருக்கிறது. சக்கரத்தோடு சக்கரம் உரசினால் பெரும்பாலும் விழுகிறவர் பின்னால் வருகிறவரே. அவர் மேல் மற்றவர்கள்! அதற்கு ஒரு பிடி மணல் போதும். குறுக்கே ஓடும் ஒரு நாய் போதும். அதனால் குழியைக் கண்டால் முன்னவர் கையை நீட்டிக் காட்டுவார், குரல் கொடுப்பார், திடீரென்று பிரேக் பிடிக்க மாட்டார். தம் உயிரை அடுத்தவர் கவனத்தில் ஒப்படைத்து ஓட்டுகிறார்கள். அந்த நம்பிக்கை பழுதில்லாமல் வீடு வந்து சேருவதே ஒரு திருப்தி அல்லவா?

அம்பத்தூர் அறிந்த பெயர்

இந்தப் பக்கத்துக்கும் சைக்கிளுக்கும் பழைய உறவு. 1949-ல் முருகப்பா குடும்பத்தார் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனியுடன் கூட்டுச் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1951 முதல் அம்பத்தூரிலிருந்து 'ஹெர்குலிஸ்' சைக்கிள்கள் வெளிவந்தன. பால்காரரும் தபால்காரரும் மிதித்த அதே ஹெர்குலிஸ்!

அந்தப் பெயர் பிரான்ஸ் தேசத்து மலைகளிலும் ஏறி இறங்கியிருக்கிறது. 1955-ல் 'டூர் டி பிரான்ஸ்' பந்தயத்துக்குப் பிரிட்டனிலிருந்து பத்துப் பேர் போனார்கள். அவர்களில் பலர் இங்கிலாந்து ஹெர்குலிஸ் கம்பெனியின் வீரர்கள். 22 கட்டங்கள், ஏறக்குறைய 4,500 கிலோமீட்டர். புறப்பட்டவர்கள் 130 பேர். முடித்தவர்கள் 69 பேர்தான். பத்து பிரிட்டிஷாரில் எட்டுப் பேர் வழியிலேயே விலகிவிட்டார்கள். பிரையன் ராபின்சன் 29-வதாக வந்தார். டோனி ஹோர் 69-வது, அதாவது கடைசி! ஆயினும் அந்தப் பந்தயத்தை முழுவதும் முடித்த முதல் பிரிட்டிஷ்காரர்கள் அந்த இருவரே.

கடைசியில் வருகிறவரைப் பிரெஞ்சுக்காரர்கள் 'சிவப்பு விளக்கு' என்பார்கள். ரயிலின் கடைசிப் பெட்டியில் தொங்கும் விளக்கை வைத்து வந்த பெயர் அது. கேலி இல்லை, ஜனங்கள் அவருக்கும் கை தட்டுவார்கள். பாதியில் நின்றவர்களின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லையே!

துணிச்சலுக்கும் அளவு உண்டு

பஸ்ஸோடு போட்டி போடுவது துணிச்சல் அல்ல, மூடத்தனம். பந்தயம் என்றால் போலீஸ் அனுமதி வேண்டும். சாலையை அடைக்க வேண்டும். தலைக்கு ஹெல்மெட் வேண்டும். பிரேக்கையும் டயரையும் முதல் நாளே பார்த்து வைக்க வேண்டும். இத்தனைக்குப் பிறகும் மீதி நிற்கும் அபாயத்தைத்தான் வீரன் ஏற்கிறான். போன வாரம் மூச்சு வாங்கிய பாலத்தை இந்த வாரம் நிற்காமல் ஏறிவிட்டால், அந்த மகிழ்ச்சியை எந்த மெடல் தரும்?

வெயில் ஏறுவதற்குள் அவர்கள் வீடு திரும்புகிறார்கள். ஒருவர் மட்டும் வெகு தூரம் பின்தங்கி, வியர்வை சொட்ட வந்து சேருகிறார். முன்னே போனவர்கள் டீக்கடை வாசலில் அவருக்காகக் காத்திருக்கிறார்கள்.

கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கைக் கண்ட பிறகுதான், ரயில் முழுசாக வந்து சேர்ந்தது என்று ஸ்டேஷன்காரர்கள் நிச்சயம் செய்துகொள்கிறார்கள். பந்தயமும் அப்படித்தான்!