மறுபடியும் பிலிம் ரோல் கேட்கிறார்கள்

சென்ற மாதம் கல்லூரியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள் கடைக்கு வந்து, "ஐயா, 35 எம்.எம். பிலிம் ரோல் இருக்குங்களா?" என்று கேட்டார்கள். கல்லாவில் இருந்த எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அந்தக் கேள்வியைக் காதால் கேட்டே பதினைந்து வருடம் இருக்கும். இப்போது எங்களிடம் ஆல்பம், பிரேம், மெமரி கார்டுதான் ஓடுகிறது. பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு படக் குழு வைத்திருக்கிறார்களாம். தாத்தாவின் பழைய கேமராவை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கோபுரமும் தறிக்கூடமும் படம் எடுக்கிறார்கள்.

என் தகப்பனார் காலத்தில் காஞ்சிபுரம் மட்டுமல்ல, வாலாஜாபாத், உத்திரமேரூர், செய்யாறு ஸ்டூடியோக்களுக்கும் எங்கள் கடையிலிருந்து சரக்கு போகும். 120 ரோல், புரோமைடு பேப்பர், டெவலப்பர், ஹைப்போ எல்லாம் மொத்தக் கொள்முதல். ஸ்டூடியோக்காரர்கள் போக, ஆசைக்குப் படம் எடுக்கும் பள்ளி ஆசிரியர்களும் பாங்க் உத்தியோகஸ்தர்களும் வருவார்கள். பெரும்பாலும் கையில் அக்பா கிளிக் த்ரீ. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம். பதிமூன்றாவதற்கு மறு ரோல் வாங்க வேண்டும். அதனால் எதையும் யோசித்துத்தான் எடுப்பார்கள்.

அந்த நாளில் நம் மாநிலத்திலேயே பிலிம் தயாரானது என்று சொன்னால் இந்தப் பிள்ளைகள் நம்பவில்லை. ஊட்டியில் மத்திய அரசின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960இல் அமைந்து, 1967இல் உற்பத்தி தொடங்கியது. தூசியில்லாத குளிர்ந்த மலைக்காற்று என்பதால் அந்த இடம். கருப்பு வெள்ளை ரோல், பேப்பர், எக்ஸ்ரே பிலிம் எல்லாம் 'இந்து' என்ற பெயரில் வந்தன. 1979இல் அத்திவரதர் வெளியே வந்தபோது எனக்கு வயது இருபது. கடையில் 'இந்து' ரோல் கட்டி மாளவில்லை. 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை அத்திவரதர் மறுபடி எழுந்தருளியபோது, அந்த 1979ஆம் வருடத்துக் கருப்பு வெள்ளைப் படங்கள் எல்லோர் கைபேசியிலும் சுற்றின. நாற்பது வருடம் கழித்தும் முகம் தெளிவாகத் தெரிந்தது. 2019இல் நாம் கைபேசியில் எடுத்ததில் எத்தனை 2059க்கு மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள்.

நம் ஊர்த் தொழிலுக்கும் பிலிமுக்கும் ஓர் உறவு உண்டு. அது வெள்ளி. ஜரிகையில் இருப்பது போலவே பிலிம் பூச்சிலும் வெள்ளி இருக்கிறது. கழுவி முடித்த ஹைப்போ தண்ணீரைக்கூட விலை பேசி வாங்கிப்போக ஆள் வருவார்கள், அதில் கரைந்த வெள்ளியைப் பிரித்தெடுக்க. பழைய பட்டுச் சேலையின் ஜரிகையை எடை போட்டு வாங்குவது போலத்தான். 1980 ஜனவரியில் உலகச் சந்தையில் வெள்ளி அவுன்சுக்கு 50 டாலரை நெருங்கியபோது, ஜரிகைக்காரரும் நாங்களும் ஒன்றாகத்தான் விழித்தோம். இன்றைக்கும் வெள்ளி ஏறினால் பிலிம் விலை இறங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

1991க்குப் பின் இறக்குமதி தாராளமானது. ஊட்டி ஆலை எக்ஸ்ரே பிலிமுக்காகப் பெரும் கடனில் புதிய பிரிவு போட்டது. வட்டி ஏறியது, விற்பனை ஏறவில்லை. 1996இல் நலிந்த ஆலை என்று அறிவிக்கப்பட்டு, பின்னர் மூடப்பட்டே விட்டது. வெளிநாட்டுப் பெரிய பெயர்களும் தப்பவில்லை. அக்பாபோட்டோ 2005இல் திவாலானது. கோடக் 2012இல் நீதிமன்றத்தில் பாதுகாப்பு கேட்டது. டிஜிட்டல் கேமராவை 1975இலேயே செய்து பார்த்தது அதே கோடக் கம்பெனி என்பதுதான் வேடிக்கை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2004 கல்யாண சீசனுக்கு, ஒரு கம்பெனிப் பிரதிநிதி தள்ளுபடி காட்டிப் பேசியதை நம்பி அளவுக்கு மீறி வாங்கினேன். அந்த வருடமே ஸ்டூடியோக்கள் வரிசையாக டிஜிட்டலுக்கு மாறின. 340 கலர் ரோல் கெடு தேதி தாண்டி நின்றது. திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று கைவிரித்துவிட்டார்கள். மூடிய ஸ்டூடியோக்களின் பாக்கி இன்னும் பேரேட்டில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை நான் கிழிக்கவில்லை.

ஆகையால் இந்தப் பிள்ளைகளைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷத்தோடு பயமும் வந்தது. விசாரித்ததில் தேவை திரும்பி வருவது உண்மைதான். கோடக், 2018இல் எக்டாகுரோமை மறுபடி கொண்டுவந்தது. 2022இல் கோல்டு 200 பிலிமை 120 அளவிலும் விட்டது. இங்கிலாந்தின் ஹார்மன், 2023 டிசம்பரில் பீனிக்ஸ் என்ற கலர் பிலிமை வெளியிட்டது. 2024இல் பென்டாக்ஸ் புதிதாக ஒரு பிலிம் கேமராவே போட்டது. ஆனால் ஒரு ரோல் ஆயிரம் ரூபாய்க்கு மேலும் விற்கிறது. இவ்வளவு கொடுத்து வாங்குகிறவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருந்தால் அதிகம்.

நான் பத்து ரோல் மட்டும் வாங்கியிருக்கிறேன். ரொக்க விற்பனை, கடன் கிடையாது. அக்னி நட்சத்திர வெயிலில் அலமாரியில் வைத்தால் நிறம் மாறிவிடும். குளிர்ப்பெட்டியில் காற்றுப்புகாத டப்பாவில் வைத்து, விற்பதற்குச் சில மணி நேரம் முன்பே வெளியே எடுத்துவிட வேண்டும். சினிமா பிலிமை வெட்டிச் சுற்றி மலிவாகத் தருவதாகவும் சிலர் வருவார்கள். முதுகில் கரும்பூச்சு உள்ள அந்த வகையைச் சாதாரண கலர் லேப் மெஷினில் விட்டால் கெமிக்கல் முழுவதும் பாழ். லேப் வைத்திருக்கும் நண்பர்கள் கேட்டு வாங்கவும்.

பிள்ளைகள் அதிகம் தேடுவது ரோலைவிட சாமான்களைத்தான். டெவலப்பிங் டாங்க், என்லார்ஜர், கருப்புத் துணிப் பை இவை புதிதாகக் கிடைப்பது அரிது. பழைய மெர்க்குரி பேட்டரி கேட்கும் கேமராக்களுக்கு அந்த பேட்டரி இப்போது வருவதில்லை, மாற்றுதான் போட வேண்டும். செய்யாறு, உத்திரமேரூர் பக்கத்து ஸ்டூடியோ நண்பர்களின் பரணில் என்லார்ஜர் ஏதேனும் கிடந்தால் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். லென்சில் பூஞ்சை இருந்தாலும் பரவாயில்லை. கடைக்குச் சொல்லி அனுப்புங்கள், பிள்ளைகளே வந்து விலை பேசிக்கொள்வார்கள்.