பிள்ளைக்கு அலர்ஜியா? கேள்வித்தாள் பிடிப்பதும் தவறவிடுவதும்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பதற்காகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

நாகர்கோவில் பக்கம் எந்த வீட்டுலயாவது போய், "பிள்ளைக்கு எந்தச் சாப்பாடு ஒத்துக்காது?"ன்னு கேட்டுப் பாருங்க. கத்திரிக்காய் கரப்பான், சூரை மீன் தின்னா சொறியும், சக்கை தின்னா வயிறு பொருமும்னு ஒரு பட்டியலே வரும். இதுல எது உண்மையான அலர்ஜி?

முதல்ல அலர்ஜின்னா என்னன்னு பார்த்துடுவோம். நம்ம நோய் எதிர்ப்பு அமைப்பு, ஒரு உணவில் இருக்கும் புரதத்தை எதிரியா நினைச்சு ஐஜிஇ என்ற ஆன்டிபாடியை உருவாக்குது. அடுத்த தடவை அதே உணவு உள்ளே போனா ஹிஸ்டமின் வெளியாகும். தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சுத்திணறல் எல்லாம் வரும். பெரும்பாலும் சில நிமிஷத்துல, அதிகபட்சம் ரெண்டு மணி நேரத்துக்குள்ள வந்துடும். சக்கை தின்னு வயிறு பொருமுறது இதுல சேராது. பால் குடிச்சா வயித்தால போறதும் பல நேரம் லாக்டோஸ் செரிக்காத பிரச்சினைதான்.

இதைப் பிரிச்சுப் பார்க்கத்தான் கேள்வித்தாள். எந்த உணவு? எவ்வளவு நேரத்துல வந்தது? என்ன அறிகுறி? ஒவ்வொரு தடவையும் வருதா? பதில்கள் ஒத்துப்போனா அடுத்தது ரத்தப் பரிசோதனை அல்லது தோல் பரிசோதனை. அதுக்கப்புறமும் சந்தேகம் இருந்தா, மருத்துவமனையிலேயே அந்த உணவைக் கொஞ்சம் கொஞ்சமா கொடுத்துப் பார்ப்பாங்க.

யூரோப்ரிவால்-இன்கோ ஆய்வு இப்படித்தான் நடந்தது. சீனா, ரஷ்யா, இந்தியாவில் பள்ளிப் பிள்ளைகளிடம் முதலில் கேள்வித்தாள், பிறகு பரிசோதனை. இந்தியாவில் கர்நாடகாவில் செய்தாங்க. 2020-ல் வெளியான முடிவுப்படி, உணவு அலர்ஜி இருக்க வாய்ப்புள்ள பிள்ளைகள் ஹாங்காங்கில் 1.5 சதவீதம். இங்கே வெறும் 0.14 சதவீதம்!

இன்னொரு விஷயம். அதே திட்டத்தில் கர்நாடகப் பெரியவர்களைச் சோதிச்சப்போ, 26.5 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு உணவுக்கு எதிரான ஐஜிஇ இருந்தது. ஆனா அலர்ஜி இருக்க வாய்ப்புள்ளவங்க 1.2 சதவீதம்தான். அதாவது, ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பினா நல்லா சாப்பிடுற ஆளுக்கும் பத்தியம் போட்டுடுவோம். சோதனை ரிப்போர்ட்டுக்கு அர்த்தம் கொடுக்கிறதே அந்தக் கேள்விகள்தான்.

சரி, வெளிநாட்டுக் கேள்வித்தாளை அப்படியே மொழிபெயர்த்து கன்னியாகுமரியில் கொடுக்கலாமா? கடினம். "அலர்ஜி உண்டா?"ன்னு கேட்டா கரப்பானும் அதுக்குள்ள வந்து விழும். அதனால நோயின் பேரைக் கேக்காம, நடந்ததைக் கேக்கணும். பட்டியல்ல கிவிப்பழம் மட்டும் இருந்தா போதாது. இறால், அண்டிப்பருப்பு, மட்டிப்பழம், மரச்சீனி எல்லாம் வேணும். ரப்பர் பாலில் உள்ள புரதத்துக்கு அலர்ஜி இருக்கிற சிலருக்கு வாழைப்பழமும் மரச்சீனியும்கூட ஒத்துக்காது. தோட்டம் நிறைஞ்ச மாவட்டத்துல இதையும் ஒரு கேள்வியாச் சேர்க்கலாம்.

மீன் விஷயத்துல ஒரு குழப்பம் இருக்கு. சூரை, அயலை, சாளை மாதிரி மீன்களை ஐஸ் இல்லாம வச்சா, பாக்டீரியா அந்த மீனுக்குள்ளேயே ஹிஸ்டமினை உண்டாக்கிடும். கொதிக்க வச்சாலும் அது போகாது. சாப்பிட்டா முகம் சிவக்கும், தடிக்கும், தலை வலிக்கும். பார்க்க அலர்ஜி மாதிரியே இருக்கும், ஆனா இது ஒரு வகை நஞ்சேற்றம். பிரிச்சுச் சொல்ல ஒரே கேள்வி பெரிய உதவி: "அதே மீனைத் தின்ன வேற யாருக்காவது வந்ததா?"

இந்தக் கேள்வியைக் கேக்காம விட்டா, ஒரு பிள்ளைக்கு வாழ்க்கை முழுக்க மீன் கிடையாதுன்னு ஆகிடும். கடற்கரை வீட்டுல அது அன்றாடப் புரதத்தையே பறிக்கிற முடிவு. மறுபக்கம், உண்மையான அலர்ஜியை "சூடு"ன்னு தள்ளிவிட்டா உயிருக்கே ஆபத்து.

அதனால நீங்க செய்ய வேண்டியது: என்ன சாப்பிட்டாங்க, எத்தனை மணிக்கு, என்ன ஆச்சு, எவ்வளவு நேரத்துல சரியாச்சுன்னு போன்ல குறிச்சு வையுங்க. தடிப்பை போட்டோ எடுங்க. அதோட டாக்டரைப் பாருங்க. வீட்டிலேயே கொடுத்துச் சோதிக்காதீங்க. மூச்சு திணறினாலோ, மயங்கினாலோ குறிப்பெல்லாம் அப்புறம், உடனே 108.