கோடையில் பழப் பனிக்கூழ்: வீட்டில் செய்யும் முறையும் அதன் விஞ்ஞானமும்

பங்குனி கழிந்து சித்திரை பிறந்ததும் நம் நாட்டின் பெரும்பகுதி வெயிலால் வாடத் தொடங்குகிறது. அதே பருவத்தில்தான் இயற்கை பழங்களையும் வாரி வழங்குகிறது. ஆந்திரத்தின் பங்கனபள்ளி மாம்பழம், உத்தரப் பிரதேசத்தின் தசேரி, பீகாரில் முசபர்பூர்ப் பகுதியில் விளையும் லீச்சி, வடநாட்டுச் சந்தைகளில் சில வாரங்களே காணக்கிடைக்கும் பால்சா, கொங்கணக் கரையின் கோகம், ஆற்றுப்படுகைகளில் விளையும் தர்ப்பூசணி ஆகியவை அடுத்தடுத்து வந்து குவிகின்றன. முற்றப் பழுத்த பழம் இரண்டொரு நாளுக்கு மேல் தாங்குவதில்லை. அதனை வீணாக்காமல் பயன்படுத்தும் எளிய வழிகளுள் ஒன்று பழப் பனிக்கூழ் செய்தல்.

பழப் பனிக்கூழ் என்பது பழச்சாறு, சர்க்கரை, நீர் ஆகிய மூன்றையும் கலந்து, கிளறிக்கொண்டே உறையவைத்த பண்டம். ஐஸ்கிரீமைப் போல் இதற்குப் பாலோ பாலேடோ தேவையில்லை. மின்சாரப் பொறியும் இன்றியமையாததன்று. சர்க்கரை என்ன செய்கிறது, உப்பு என்ன செய்கிறது, நீர் எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்னும் மூன்றையும் அறிந்தவர் எவரும் இதனைச் செய்யலாம். இம்மூன்றில் கடைசியாகக் கூறியதே உடல்நலத்தைப் பொறுத்தவரை முதன்மையானது.

பெயரும் வரலாறும்

மேனாட்டார் இப்பண்டத்தைச் ‘சோர்பே’ என வழங்குகின்றனர். பருகுதல் எனப் பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்த ‘சர்பத்’ என்னும் சொல்லே பாரசீகம், துருக்கி ஆகிய நாடுகளின் வழியே இத்தாலியை அடைந்து, பின்னர்ப் பிரெஞ்சு மொழியில் இவ்வடிவம் பெற்றது. ஆகவே, நம் கடைத்தெருவில் விற்கும் சர்பத்தும் மேனாட்டு விருந்துகளில் பரிமாறப்படும் சோர்பேயும் ஒரே சொல்லின் இரு கிளைகளாம்.

பானங்களைக் குளிரவைக்கும் கலை நம் நாட்டிற்குப் புதியதன்று. அக்பர் சக்கரவர்த்தியின் அவையில் வெடியுப்பைக் கரைத்த நீரில் குடுவைகளை வைத்துச் சுழற்றிக் குடிநீரைக் குளிரச் செய்ததை அபுல் பசல் தமது ‘அயினி அக்பரி’யில் குறித்துள்ளார். 1586-க்குப் பின் அரசவை பஞ்சாபில் தங்கியிருந்த காலத்தில், வடமலைகளிலிருந்து பனிக்கட்டி லாகூருக்குக் கொண்டுவரப்பட்டதையும் அந்நூல் கூறுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் அலகாபாத் முதலிய இடங்களில் குழிகளில் வைக்கோலைப் பரப்பி, அதன்மீது ஆழமற்ற மண்சட்டிகளில் நீரை வைத்து, தெளிந்த குளிர்கால இரவுகளில் மென்படலமாகப் பனிக்கட்டி எடுத்தனர். இம்முறையை ராபர்ட் பார்க்கர் என்பவர் 1775-ஆம் ஆண்டில் லண்டன் ராயல் சங்கத்திற்கு எழுதி அனுப்பினார். 1833-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து கப்பல் வழியாகப் பனிக்கட்டி கல்கத்தாவுக்கு வந்திறங்கியது. அவ்வாறு சென்னைக்கு வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைத்த கட்டடமே, ‘ஐஸ் ஹவுஸ்’ எனப் பெயர் பெற்று, இன்று விவேகானந்தர் இல்லமாகக் கடற்கரையில் விளங்குகிறது.

அக்காலத்தில் செல்வர்க்கே உரியதாயிருந்த பனிக்கட்டி இன்று சிற்றூர்களிலும் கிடைக்கிறது. எனினும், கிடைப்பதெல்லாம் உண்ணத் தகுந்ததன்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

சர்க்கரையின் பணி

தூய நீர் 0 பாகை செல்சியஸில் உறைந்து கல்லைப் போல் கெட்டியாகிறது. அதில் சர்க்கரை கரைந்திருப்பின் உறைநிலை தாழ்கிறது. நூறு பங்கு கலவையில் 27 பங்கு சர்க்கரை இருந்தால், அக்கலவை பூஜ்யத்திற்குக் கீழ் ஏறத்தாழ 2 பாகையில்தான் உறையத் தொடங்கும். உறைவது நீர் மட்டுமே. சர்க்கரை எஞ்சிய பாகிலேயே தங்குகிறது. ஆதலின், நீர் உறைய உறையப் பாகு மேலும் மேலும் செறிவடைந்து, உறைவதற்கு மேலும் குளிர்ச்சியை வேண்டுகிறது. பூஜ்யத்திற்குக் கீழ் 8 பாகையளவில் கலவையில் ஏறக்குறைய பாதி நுண்ணிய பனிப் பளிங்குகளாகவும், மறுபாதி கெட்டியான பாகாகவும் இருக்கும். பனிக்கூழ் கரண்டியால் எடுக்குமளவு மென்மையாக இருப்பதன் காரணம் இதுவே.

சர்க்கரை மிகக் குறைந்தால் கலவை பாறையாக இறுகும். மிகுந்துவிட்டாலோ எவ்வளவு நேரமாயினும் கூழாக நில்லாது. பழத்தின் இயற்கைச் சர்க்கரையையும் சேர்த்து, நூற்றுக்கு 25 முதல் 30 பங்கு என்பது நடைமுறையில் ஏற்ற அளவு. குளிர்ச்சியில் நாவின் சுவையுணர்வு மந்தமடைவதால், உறையும் முன் சற்றுத் திகட்டுவதாகத் தோன்றும் கலவை உறைந்தபின் அளவான இனிப்புடையதாக இருக்கும்.

உப்பின் பணி

சர்க்கரைக் கலவை 0 பாகையில் உறைவதில்லை என்றோம். வெறும் பனிக்கட்டியோ 0 பாகைக்குக் கீழ்க் குளிர்ச்சி தராது. இவ்விடத்தில்தான் உப்பு துணைபுரிகிறது. உடைத்த பனிக்கட்டியில் உப்பைத் தூவினால், கட்டி உருகி உப்புக் கரைசலாகிறது. உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தைப் பனிக்கட்டி தன்னிடமிருந்தும் சூழ்ந்துள்ள பொருள்களிடமிருந்தும் கவர்கிறது. அதனால் முழுக் கலவையும் 0 பாகைக்கும் கீழே குளிர்கிறது. சமையல் உப்பைக் கொண்டு எட்டக்கூடிய எல்லை பூஜ்யத்திற்குக் கீழ் 21 பாகை. எடையளவில் மூன்று பங்கு பனிக்கட்டிக்கு ஒரு பங்கு கல்லுப்பு என்னும் விகிதம் வீட்டு வேலைக்குப் போதுமானது.

எவ்வளவு பனிக்கட்டி தேவை என்பதைக் கணக்கிட்டும் பார்க்கலாம். ஒரு கிலோகிராம் பழக்கலவையை 30 பாகையிலிருந்து உறைநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 30 கிலோகலோரி வெப்பத்தை அகற்ற வேண்டும். அதிலுள்ள நீரில் பாதியை உறையவைக்க மேலும் சுமார் 30 கிலோகலோரி அகல வேண்டும். ஒரு கிலோகிராம் பனிக்கட்டி உருகும்போது 80 கிலோகலோரியைக் கவரும். கணக்கின்படி முக்கால் கிலோகிராம் போதும். ஆயினும், பாத்திரத்தையும் சுற்றுக் காற்றையும் குளிர்விப்பதில் பெரும்பகுதி செலவாவதால், மூன்று கிலோகிராம் பனிக்கட்டியும் ஒரு கிலோகிராம் உப்பும் கைவசம் இருத்தல் நலம்.

நீரின் தூய்மை

உறையவைத்தால் நோய்க்கிருமிகள் மடிந்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். இது தவறு. குளிர் கிருமிகளின் பெருக்கத்தைத் தடுக்குமேயன்றி அவற்றை முற்றிலும் அழிப்பதில்லை. டைபாய்டு, வாந்திபேதி, ஒருவகை மஞ்சட்காமாலை ஆகிய நோய்களின் கிருமிகள் அசுத்தமான பனிக்கட்டியின் வழியே உடலினுள் புகக்கூடும். பனிக்கூழைச் சமைப்பதில்லை, ஆகவே, சேர்க்கும் நீரிலுள்ள குற்றம் உண்பவர் வாய்வரை அப்படியே வந்து சேரும்.

கடைகளில் கிடைக்கும் பெருங்கட்டிகளில் பல, மீன் முதலியவற்றைக் கெடாமல் வைப்பதற்கென்றே செய்யப்படுபவை. குடிக்கத் தகாத நீரில் செய்த பனிக்கட்டியை மக்கள் அடையாளங் கண்டுகொள்ளும் பொருட்டு, அதற்கு நீலச் சாயம் சேர்க்க வேண்டுமென இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-இல் பணித்தது. எனினும், நிறமின்றி இருப்பதனாலேயே ஒரு கட்டி தூயதாகிவிடாது. சாக்கிலும் மரத்தூளிலும் பொதிந்து தரையில் இழுத்துவரப்படும் கட்டி எதுவாயினும் வெளிப்பாத்திரத்திற்கே உரியது. அதன் ஒரு துணுக்கும், அது உருகிய நீரின் ஒரு துளியும் உட்பாத்திரத்தில் விழலாகாது.

கலவையில் சேர்க்கும் நீரை, கொப்புளங்கள் பொங்கியெழக் கொதிக்கும் நிலையில் ஒரு நிமிடமேனும் வைத்து, மூடி ஆறவிடுதல் வேண்டும். மலைப்பகுதிகளில் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிப்பதால், மூன்று நிமிடம் கொதிக்கவிடுதல் நன்று. தர்ப்பூசணியையும் மாம்பழத்தையும் நறுக்கும் முன்பே தோலைக் கழுவ வேண்டும்; இன்றேல் தோலிலுள்ள அழுக்கைக் கத்தியே சதைக்குள் கொண்டுசெல்லும்.

செய்முறை

ஒரு கிலோகிராம் கலவைக்கான அளவுகள், கிராம் கணக்கில்:

மாம்பழம்: கூழ் 500, சர்க்கரை 180, நீர் 300, எலுமிச்சைச் சாறு 20.
தர்ப்பூசணி: வடித்த சாறு 770, சர்க்கரை 200, எலுமிச்சைச் சாறு 30, நீர் வேண்டா.
பால்சா: வடித்த சாறு 400, சர்க்கரை 220, நீர் 380.
எலுமிச்சை: சாறு 150, சர்க்கரை 270, நீர் 580.

கொதித்த நீரில் சர்க்கரையைக் கரைத்து ஆறவைத்து, பழச்சாற்றுடன் கலக்க வேண்டும். நார் மிகுந்த மாம்பழமாயின் கூழைச் சல்லடையில் தேய்த்து வடிப்பது நன்று. கலவையை மூடி மண்பானைத் தண்ணீரில் சிறிது நேரம் வைத்துக் குளிரச் செய்தால் பனிக்கட்டிச் செலவு குறையும்.

உட்பாத்திரம் நன்கு மூடத்தக்க எவர்சில்வர் தூக்காக இருக்கலாம். செம்பு, பித்தளைப் பாத்திரங்கள் பழத்தின் புளிப்புடன் வினைபுரிவதால் ஆகா. அதில் முக்காற்பங்கு மட்டுமே கலவையை ஊற்ற வேண்டும். வெளிப்பாத்திரமாக மரத்தொட்டியோ, சாக்கு சுற்றிய வாளியோ பயன்படும். நெல்லிக்காய் அளவில் உடைத்த பனிக்கட்டியையும் கல்லுப்பையும் அடுக்கடுக்காக இட்டு, நடுவே தூக்கை நிறுத்த வேண்டும். பனிக்கட்டி உள்ளிருக்கும் கலவையின் மட்டத்திற்குச் சற்று மேலும், தூக்கின் மூடிக்கு நன்கு கீழும் இருத்தல் வேண்டும். வடநாட்டில் குல்பி செய்வோர் அச்சின் மூடியைக் கோதுமை மாவுப் பிசையால் அடைப்பது வழக்கம். உப்புநீர் உட்புகாமல் காக்க இதுவும் நல்ல உபாயம்.

இனி, தூக்கை வலமும் இடமுமாக இடைவிடாது சுழற்ற வேண்டும். ஐந்தாறு நிமிடங்களுக்கு ஒருமுறை, மூடியையும் கழுத்தையும் துணியால் நன்கு துடைத்தபின் திறந்து, ஓரங்களில் படிந்த உறைவைத் தூய கரண்டியால் வழித்து நடுவே கலக்க வேண்டும். இவ்வாறு கலக்குவதாலேயே பளிங்குகள் பெரிதாக வளராமல், கூழ் நாவிற்கு மென்மையாகிறது. முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடத்தில் கூழ் பதமாகும். உப்புக் கலந்த பனிக்கட்டியை வெறுங்கையால் நெடுநேரம் தொடலாகாது. கடுங்குளிர் தோலைப் புண்ணாக்கும்.

குளிர்சாதனப் பெட்டி உள்ள வீடுகளில், கலவையை அகன்ற தட்டில் ஊற்றி, மூடி, உறைபகுதியில் வைத்து, அரைமணிக்கு ஒருமுறை முள்கரண்டியால் கிளறி வந்தால் மூன்று நான்கு மணி நேரத்தில் பனிக்கூழ் கிடைக்கும். மின்சாரம் தடைப்பட்டு உருகிவிட்டதை மீண்டும் உறையவைத்து உண்ணலாகாது.

வேலை முடிந்தபின் எஞ்சும் உப்புநீரை மரத்தடியிலோ வயலிலோ கொட்டலாகாது, மண் உவர்ப்பேறும். தட்டுகளில் ஊற்றி வெயிலில் காயவைத்தால், உப்பு மறுமுறை இதே வேலைக்கு உதவும்.

ஆசிரியர்களுக்கு

வகுப்பறையில் இதனைச் சிறந்த சோதனையாக ஆக்கலாம். இரு எவர்சில்வர் தம்ளர்களில் உடைத்த பனிக்கட்டியை இட்டு, ஒன்றில் மட்டும் உப்பைக் கலந்து, இரண்டிலும் வெப்பமானியை வைத்துப் பார்க்கச் செய்க. உப்பில்லாத தம்ளரின் வெளிப்புறத்தில் நீர்த்துளிகள் அரும்பும். உப்பிட்டதன் வெளிப்புறத்திலோ காற்றின் ஈரம் வெண்படலமாக உறையும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது. 0 பாகைக்குக் கீழும் அளவு குறித்த சோதனைக்கூட வெப்பமானியே வேண்டும். ‘பனிக்கட்டி வேகமாக உருகுகிறது, ஆயினும் குளிர்ச்சி மிகுகிறது, ஏன்?’ என்ற வினாவை மாணவரே எழுப்பும்வரை விடையைக் கூறாதிருப்பது நலம்.

களப்பணியாளர்களுக்கு

கோடையில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டால், குளிர்ச்சியானது என்று கருதி சர்பத்தோ பனிக்கூழோ கொடுப்போர் உண்டு. இது தீங்கு விளைக்கும். உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த உப்பு-சர்க்கரைக் கரைசலில், ஒரு லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம் மட்டுமே. சமையல் உப்பு 2.6 கிராமும் பிற உப்புக்களும் உண்டு. பனிக்கூழிலோ ஒரு கிலோகிராமில் 250 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ளது. இத்துணைச் செறிந்த சர்க்கரை குடலினுள் நீரை ஈர்த்துப் போக்கை மிகுவிக்கும். அத்தகைய குழந்தைக்குச் சுகாதார நிலையத்தில் கிடைக்கும் கரைசல் பொட்டலத்தைத் தூய நீரில் கலந்து கொடுக்க வேண்டும். வெயிலால் மயங்கி, நினைவு தடுமாறுவோர்க்கு வாய்வழி எதனையும் ஊட்டாது, நிழலில் கிடத்தி உடலை நீரால் குளிர்வித்து, உடனே மருத்துவ உதவியை நாட வேண்டும். நீரிழிவு உடையோர் பனிக்கூழைத் தவிர்த்தல் நலம்.

நலமாயிருப்போர்க்குப் பழப் பனிக்கூழ் இனிய விருந்து. ஊர்க்கூட்டங்களிலும் மாதர் சங்கங்களிலும் பள்ளிகளிலும் இதனைச் செய்து காட்டும்போது, சுவையை மட்டும் காட்டி நிறுத்தாது, கொதிக்கவைத்த நீரையும், துடைத்துத் திறக்கும் மூடியையும் அனைவரும் காணச் செய்க. வெளியிலுள்ள பனிக்கட்டி வேறு, உள்ளே உண்ணும் பனிக்கூழ் வேறு என்னும் உண்மை மனத்தில் பதிந்துவிட்டால், கடைத்தெருவில் சர்பத்தில் இடும் பனிக்கட்டி எங்கிருந்து வந்தது என்று மக்கள் தாமே கேட்கத் தொடங்குவர்.