உடற்பயிற்சிக்கூடத் தெரிவும் அதன் சமூகப் பின்புலமும்: மெல்பேர்ன் உள்நகரப் பகுதிகளை முன்வைத்துச் சில குறிப்புகள்

உடற்பயிற்சிக்கூடம் ஒன்றையோ பிலாட்டீஸ் பயிற்சி நிலையம் ஒன்றையோ தெரிவுசெய்வது, மேலோட்டமாக நோக்குமிடத்து, தனியொருவரின் விருப்பு வெறுப்புச் சார்ந்த சிறு விடயமாகவே தோன்றும். ஆய்விதழொன்றிலே எடுத்தாளப்படுவதற்கு அதில் என்ன இருக்கிறது என வினவுவோரும் இருக்கலாம். ஆயினும், உழைத்து வாழும் ஒருவர் தமது ஓய்வு நேரத்தையும், ஊதியத்தின் ஒரு பகுதியையும், தமது உடலின் பராமரிப்பையும் யாரிடம், எத்தகைய நிபந்தனைகளின் கீழ் ஒப்படைக்கின்றார் என்பது ஒரு சமூகவியல் வினாவுமாகும். நம்மவர் பலர் குடியேறி வாழும் மெல்பேர்ன் நகரின் மையத்தை அடுத்துள்ள பிட்ஸ்ரோய், கொலிங்வூட், றிச்மண்ட் ஆகிய மூன்று பகுதிகளைக் களமாகக் கொண்டு அவ்வினாவை நோக்குவதும், தெரிவுக்குரிய அளவுகோல்கள் சிலவற்றை வகுத்துக் கூறுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் களத்தின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். இம்மூன்று பகுதிகளும் ஏறத்தாழ நூறாண்டுக் காலம் மெல்பேர்னின் தொழிலாளர் குடியிருப்புக்களாக விளங்கியவை. கொலிங்வூட்டிலே சப்பாத்துத் தொழிற்சாலைகளும், 'பொய் அன்ட் கிப்சன்' நிறுவனத்தின் கம்பளி ஆலைகளும் இருந்தன. றிச்மண்டிலே 'பெலாக்கோ' மேற்சட்டைத் தொழிற்சாலையும், அதனை அடுத்த கிறெமோர்னிலே 1909இல் எழுந்த 'பிறையன்ட் அன்ட் மே' தீப்பெட்டித் தொழிற்சாலையும் இயங்கின. 1973இல் விற்லம் அரசாங்கம் இறக்குமதித் தீர்வைகளை ஒரேயடியாக 25 சதவீதத்தாற் குறைத்தது. அதனையும், அதன் பின்னர் தொடர்ந்த பொருளாதார மாற்றங்களையும் அடுத்து நெசவு, ஆடை, பாதணித் தொழில்கள் தளர்வுற்றன. ஆலைகள் மூடப்பட்டன. அவற்றின் செங்கற் கட்டடங்கள் காலப்போக்கிலே அலுவலகங்களாகவும் மாடிக் குடியிருப்புக்களாகவும் கடைகளாகவும் உருமாறின. உயர்ந்த கூரையும் அகன்ற தளமும் கொண்ட பழைய பண்டகசாலைகள் உடற்பயிற்சிக்கூடங்களுக்கும் பொருத்தமாயின. பொருள்களை ஆக்குவதற்காக உடல்கள் வருந்திய தெருக்களிலே, இன்று உடலையே ஆக்குவதற்காகப் பணம் செலுத்தி வருந்துகின்றனர்.

ஆனால் இப்பகுதிகளிலிருந்து ஏழைமக்கள் முற்றாக அகன்றுவிடவில்லை என்பது மனங்கொள்ளற்பாலது. 1960களிலும் 1970களின் தொடக்கத்திலும் அரசினாற் கட்டப்பட்ட உயர்மாடிப் பொதுக் குடியிருப்புக்கள் மூன்று பகுதிகளிலும் எழுந்தன. வியட்நாமிலிருந்தும் கிழக்காபிரிக்காவிலிருந்தும் வந்தோர் பலர் அவற்றிலே வாழ்ந்து வந்துள்ளனர். மெல்பேர்னிலுள்ள இத்தகைய 44 மாடிக் குடியிருப்புக்களையும் 2051ஆம் ஆண்டளவில் இடித்து மீளக் கட்டப்போவதாக 2023 செப்ரெம்பரிலே விக்ரோறிய மாநில அரசு அறிவித்தது. ஒரே தெருவின் ஒரு பக்கத்திலே விற்சுருள் பூட்டிய பயிற்சிப் படுக்கைகள் வரிசையாக அமைந்த கூடமும், மறுபக்கத்திலே அக்கூடத்தின் கட்டணத்தை எண்ணிப் பார்க்கவும் இயலாதோரின் குடியிருப்பும் அமைவது இங்கு புதுமையன்று. உடற்பயிற்சிக்கூடத் தெரிவு எல்லோருக்கும் ஒரே அளவிலே திறந்திருப்பதில்லை என்பதற்கு இதனின் வேறு சான்று வேண்டுவதில்லை.

இனி, இன்று பெரிதும் பேசப்படும் பிலாட்டீஸ் முறையின் தோற்றத்தை நோக்குவோம். அதனை வகுத்தவரான யோசேப் பிலாட்டீஸ் 1883இல் ஜேர்மனியின் மொன்செங்கிளாட்பாக் நகரிலே பிறந்தவர். முதலாம் உலக யுத்தம் மூண்டவேளை இங்கிலாந்திலே இருந்த அவர், பகைநாட்டவர் என்ற காரணத்தாற் சிறைவைக்கப்பட்டார். மான் தீவிலே இருபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டிருந்த நொக்கலோ முகாமிலே அவர் யுத்தகாலத்தின் பெரும்பகுதியைக் கழித்தார். நோயாளர்களின் கட்டில்களிலே விற்சுருள்களைப் பூட்டி, படுத்தவாறே பயிற்சி செய்ய வழிவகுத்தார் என்ற செய்தி அக்காலத்தைப் பற்றியே வழங்குகின்றது. 1926இல் நியூயோர்க் சென்ற அவர், மனைவி கிளாராவுடன் எட்டாவது அவெனியூவிலே பயிற்சிக்கூடம் நடத்தினார். காயமுற்ற நடனக் கலைஞர்கள் பலர் அங்கு வந்தனர். தமது முறைக்கு அவர் இட்ட பெயர் 'கொன்றோலொஜி' என்பதாகும். கட்டுப்பாட்டுக் கலை என அதனைத் தமிழிற் கூறலாம். 1967இல் அவர் மறைந்த பின்னரே அவரது பெயர் முறையின் பெயராக நிலைபெற்றது.

அப்பெயர் வணிகச் சின்னமாக உரிமை கோரப்பட்டதும், அவ்வுரிமை பறிபோனதும் தெரிவுசெய்வோர் அறிய வேண்டிய செய்திகளாகும். 2000ஆம் ஆண்டிலே நியூயோர்க்கின் கூட்டாட்சி நீதிமன்றம், 'பிலாட்டீஸ்' என்பது யோகம், கராத்தே என்பன போல ஒரு பயிற்சி முறையைக் குறிக்கும் பொதுச்சொல்லே எனத் தீர்ப்பளித்தது. ஒரு நிறுவனம் பலரது உழைப்பாலே வளர்ந்த அறிவுமரபொன்றைத் தனியுடைமையாக்குவதை அத்தீர்ப்பு தடுத்தது என்றவகையில் அது வரவேற்கத்தக்கதே. எனினும் அதன் மறுபக்கத்தையும் காணல் வேண்டும். பொதுச்சொல்லாகிய பெயர் தரத்துக்கு எவ்வித உறுதியும் அளிப்பதில்லை. அவுஸ்திரேலியாவிலே இயன்மருத்துவர் என்ற பெயரைப் பதிவுபெற்றோர் மாத்திரமே சட்டப்படி பயன்படுத்தலாம். பிலாட்டீஸ் ஆசிரியர் என்ற பெயருக்கு அத்தகைய பாதுகாப்பு இல்லை. ஈராண்டுகள் முறையாகக் கற்றவரும், சில வார இறுதிகளிலே பயிற்சி பெற்றவரும் ஒரே பெயராலே அழைக்கப்படலாம். எனவே பெயர்ப்பலகையை நோக்குவதை விடுத்து, கற்பிப்பவர் எங்கே, எவ்வளவு காலம் பயின்றார் என வினவுவதே தெரிவின் முதற்படியாகும். இவ்வினாவைக் கேட்டு முகஞ்சுளிக்கும் நிலையத்தைத் தவிர்த்துவிடுவது நன்று.

அடுத்து, எதற்காகச் செல்கின்றோம் என்பதிலே தெளிவு வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல், வளர்ந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம்வரை மிதமான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் எனவும், வாரத்தில் இரண்டு நாட்களாயினும் தசைகளை வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டும் எனவும் கூறுகின்றது. பிலாட்டீஸ் பெரும்பாலும் இவற்றுள் இரண்டாவதன்பாற் படுவது. இதயத்தையும் சுவாசத்தையும் உழைக்கவைக்கும் நடை, ஓட்டம், நீச்சல் ஆகியவற்றுக்கு அது முழுமையான மாற்றீடாகாது. முதுகுவலியின் பொருட்டே பலர் இதனை நாடுகின்றனர். 510 பேர் பங்குபற்றிய பத்து ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய 2015ஆம் ஆண்டின் கொக்றேன் மீளாய்வு, கீழ்முதுகு வலிக்குச் சிகிச்சை ஏதும் செய்யாதிருப்பதைக் காட்டிலும் பிலாட்டீஸ் பயன் தருவதாகவும், ஆனால் ஏனைய பயிற்சிகளை விட அது மேலானது என்பதற்கு உறுதியான சான்று இல்லை எனவும் கண்டது. அவுஸ்திரேலிய அரசும் 2019 ஏப்ரல் முதலாந் திகதி தொட்டுத் தனியார் சுகாதாரக் காப்புறுதிச் சலுகை பெறும் சேவைகளின் பட்டியலிலிருந்து பிலாட்டீசை நீக்கியது. அம்முடிவு பின்னர் மீளாய்வுக்கும் உட்படுத்தப்பட்டது. இதிலிருந்து நாம் பெறும் முடிவு எளிமையானது: பிலாட்டீஸ் பயனுள்ளதே, ஆனால் அதற்கென உயர்ந்த கட்டணம் செலுத்த இயலாதவர் தமது உடல்நலத்தை இழந்துவிட்டதாகக் கவலுறத் தேவையில்லை.

கட்டணம் பற்றிய விடயம் தனித்து நோக்கற்பாலது. டெல்லாவிக்னா, மால்மென்டியர் ஆகிய இரு பொருளியலாளர் ஐக்கிய அமெரிக்காவின் மூன்று உடற்பயிற்சிக்கூடங்களைச் சேர்ந்த 7,752 உறுப்பினரின் மூன்றாண்டுக்கால வரவுப் பதிவுகளை ஆராய்ந்து 2006இலே கட்டுரையொன்றை வெளியிட்டனர். மாதம் 70 டொலருக்கு மேற் செலுத்தும் ஒப்பந்தத்தைத் தெரிந்தெடுத்தோர் மாதத்துக்குச் சராசரியாக 4.3 தடவைகளே வந்தனர். ஆகவே ஒரு வருகைக்கு அவர்கள் 17 டொலருக்கு மேற் கொடுத்தனர். அதே கூடங்களிலே பத்து வருகைக்கான சீட்டை வாங்கியிருப்பின் வருகையொன்றுக்குப் பத்து டொலரே செலவாகியிருக்கும். தாம் அடிக்கடி செல்வோம் என்ற நம்பிக்கையே அவர்களை அவ்வொப்பந்தத்துட் செலுத்தியது. இத்தகைய நிலையங்கள் உடற்பயிற்சியை மட்டுமன்றி, தன்னைத் திருத்திக்கொள்ள விரும்பும் மனிதனின் நல்லெண்ணத்தையும் விற்பனைப் பண்டமாக்குகின்றன எனலாம்.

ஆதலால் வாரக் கட்டணத்தை மாத்திரம் ஒப்பிடுதல் பயன்தராது. ஓர் உதாரணம் கூறுவோம். வாரத்துக்கு 30 டொலர் வாங்கும் கூடத்துக்கு வாரம் மூன்று நாள் செல்பவருக்கு வருகையொன்று 10 டொலர். அதே கூடத்துக்கு இரு வாரத்துக்கொரு முறை செல்பவருக்கு அது 60 டொலர். கடந்த இரு மாதங்களிலே உண்மையாக எத்தனை நாள் உடற்பயிற்சி செய்தோம் என எண்ணிப் பார்த்து, அந்த எண்ணாலேயே கட்டணத்தை வகுத்தல் வேண்டும். செய்யப்போவதாக மனத்திற் கொண்டிருக்கும் எண்ணால் அன்று. முதன் மூன்று மாதங்களுக்கு வருகைச்சீட்டைப் பயன்படுத்தி, வழக்கம் ஊன்றிய பின்னர் ஒப்பந்தத்தை நாடுவது அறிவுடைமை. ஒப்பந்தத்தில் ஒப்பமிடுமுன் விலகுவதற்கான வழியையும் எழுத்திற் பெறுதல் வேண்டும். நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகளை விதிப்போருக்குத் தண்டப்பணம் அறவிடும் ஏற்பாடு 2023 நவம்பர் 9ஆந் திகதி முதல் அவுஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்திலே இடம்பெற்றுள்ளது என்பதையும் உறுப்பினர் அறிந்திருத்தல் நன்று.

வழக்கம் ஊன்றுவதற்குத் துணைசெய்வது தூரமே. பிட்ஸ்ரோயின் பிறன்ஸ்விக் தெருவிலே 11ஆம் இலக்க ட்றாமும், கொலிங்வூட்டை ஒட்டிய சிமித் தெருவிலே 86ஆம் இலக்க ட்றாமும் ஓடுகின்றன. வேலை முடிந்து வீடு திரும்பும் வழியிலே இறங்கிச் செல்லக்கூடிய சாதாரண கூடம், வழிவிலகிச் செல்ல வேண்டிய சிறந்த கூடத்தை விட நீண்டகாலத்துக்குப் பயன்தரும். பார்வையிடும்போதும், தாம் பயிற்சிக்குச் செல்ல எண்ணியிருக்கும் அதே வேளையிலேயே செல்லல் வேண்டும். பிற்பகல் இரண்டு மணிக்கு வெறிச்சோடியிருக்கும் கூடம் மாலை ஆறு மணிக்கு நெருக்கடி மிக்கதாயிருக்கும்.

வகுப்பு நடைபெறும் விதத்தையும் கூர்ந்து நோக்குதல் தகும். 'றிபோமர்' எனப்படும் நகரும் படுக்கையிலே விற்சுருள்களைக் கூட்டியும் குறைத்தும் பயிற்சியின் கடுமை மாற்றப்படுகின்றது. காலால் உந்தும் பயிற்சியிலே விற்சுருள்கள் கூடினாற் கடினம் கூடும். உடலை அசையாது நிலைநிறுத்தும் பயிற்சிகள் பலவற்றிலோ விற்சுருள் குறையுந்தோறும் கடினம் மிகும். ஆகவே ஒவ்வொருவரையும் அறிந்து சுருள்களை மாற்றிக் கொடுக்கும் ஆசிரியர் அவசியம். முன்வரிசையிலே நின்று தாமே பயிற்சி செய்து காட்டிக்கொண்டிருப்பவருக்கும், மாணவரிடையே நடந்து அவர்தம் தோளையும் முதுகையும் கவனிப்பவருக்கும் உள்ள வேறுபாடு பத்து நிமிடத்திலே புலப்படும். புதிதாக வந்தவரிடம் காயம், சத்திரசிகிச்சை, கர்ப்பம் ஆகியவை பற்றி எவரும் விசாரிக்காத நிலையத்திலே எத்துணை விலையுயர்ந்த கருவிகள் இருப்பினும் அது பாதுகாப்பான இடமன்று.

இறுதியாக, தெரிவுப் பட்டியலிலே பலரும் சேர்க்க மறக்கும் ஒன்றினைச் சுட்டுதல் வேண்டும். கொலிங்வூட், பிட்ஸ்ரோய், றிச்மண்ட் நகரசபைகள் 1994இலே 'யாறா' நகரசபையாக ஒன்றிணைக்கப்பட்டன. மூன்று பகுதிகளுக்கும் உரிய நீச்சற்குளங்களும் அவற்றோடிணைந்த உடற்பயிற்சிக்கூடங்களும் அச்சபையின் பொதுச் சொத்துக்களாகும். இவற்றுள் பிட்ஸ்ரோய் நீச்சற்குளம் 1908இலே திறக்கப்பட்டது; வீட்டிலே குளியலறை வசதி அருகியிருந்த தொழிலாளர் குடும்பங்களுக்கு உரிய காலத்தது. 1994இலே, தெரிவான உறுப்பினருக்குப் பதிலாக மாநில அரசு நியமித்த ஆணையாளர்கள் செலவைக் காரணங்காட்டி அதனை மூட முற்பட்டனர். அப்பகுதி மக்கள் எதிர்த்துத் திரண்டு போராடினர். குளம் அவர்களுக்கே மீண்டது. அது தனியார் கூடமொன்றாக இருந்திருப்பின், மூடப்படும் வேளையிலே உறுப்பினர் தமது மீதிக் கட்டணத்தைக் கேட்டு நிற்பதற்கன்றி வேறெதற்கும் உரித்துடையவராய் இரார். பொதுச் சொத்தாக இருந்தமையினாலேயே அதனைத் தமதென உரிமை பாராட்டவும் அதற்காகப் போராடவும் அவர்களால் இயன்றது.

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், நல்ல பயிற்சிக்கூடம் எனப்படுவது நாம் உண்மையாகச் சென்று வரக்கூடியதும், கற்பிப்பவரின் தகைமையை மறையாததும், நம்மைத் தனித்து அறிந்து கவனிப்பதும், விலக விரும்பின் விலகவிடுவதும் ஆகும். பொது உடற்பயிற்சிக்கூடம் இவ்வளவைகளிலே எப்போதும் முதலிடம் பெறும் என நாம் வாதிடவில்லை. காயமுற்ற ஒருவருக்குத் தேர்ந்த ஆசிரியரின் சிறு நிலையமே தக்கதாகலாம். ஆனால் முதலிற் சென்று பார்க்க வேண்டிய இடம் பொதுக்கூடமே என்பதிலே நமக்கு ஐயமில்லை. எதிரேயுள்ள மாடிக் குடியிருப்பின் துப்புரவுத் தொழிலாளியும் பல்கலைக்கழக விரிவுரையாளரும் ஒரே நீரிலே நீந்துவதற்கு வாய்ப்பளிக்கும் இடம் அப்பகுதியிலே அதுவொன்றே. பயன்படுத்துவோர் குறைந்தால் அதனை மூடுவதற்குரிய காரணம் மீண்டும் எளிதிற் கிடைத்துவிடும்.